தலையாட்டாமல் அச்சேறாது

"இது பத்திரிகையா, கதாபிரசங்கமா?" என்று எங்கள் வக்கீல் கேட்டார். மேடையில் ஆர்மோனியத்தோடு நின்று கதை சொல்லிப் பாடுவார்களே, அதுதான் கதாபிரசங்கம். திருவிழாவுக்குத் திருவிழா அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். வேறு சமயமாக இருந்தால் நானே முதலில் சிரித்திருப்பேன். அன்றைக்கு மேசைமேல் ஒரு நோட்டீஸ் கிடந்தது. எங்கள் இதழ் அச்சாபீஸை விட்டு வெளியே வருவதற்கு முன்பே வந்துவிட்ட நோட்டீஸ். இன்னும் யாரும் படிக்காத கட்டுரையில் என்னென்ன இருக்கிறதென்று அதில் வரிக்கு வரி எழுதியிருந்தது.

"அச்சாகாத விஷயம் அவங்களுக்கு எப்படிப் போச்சு?" என்று வக்கீல் கேட்டதிலிருந்துதான் பேச்சு ஆரம்பித்தது.

ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"டீச்சர் போய் வாசிச்சுக் காட்டினாங்க," என்றார் அவர்.

"யாருக்கு?"

"யார் சொன்ன விஷயமோ அவங்களுக்கு."

"எங்க வெச்சு?"

"சுள்ளிக்கல்ல, லைன் வீட்டு வாசல்ல," என்றேன் நான். "உள்ள ஒரே புழுக்கம், வக்கீலம்மா."

அப்போது கேட்டதுதான் அந்தக் கதாபிரசங்கக் கேள்வி. அவர் மலையாளத்தில் கேட்டதை என் தமிழில் எழுதுகிறேன். அந்தச் சூடு மட்டும் தமிழுக்கு வரமாட்டேன் என்கிறது.

டீச்சர் என்று அவர் சொன்னதை நம்பிவிடாதீர்கள். நான் எட்டாம் கிளாஸைப் பாதியில் விட்டவள். கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்த தமிழச்சி. பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தை, சுக்குக் கிடங்கில் என்னோடு வேலை பார்த்த பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த வாரப் பத்திரிகைகளில் கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். அந்தக் கிடங்குக்கு மேல்மாடியில்தான் எங்கள் ஆசிரியர் இந்த மாதப் பத்திரிகையை நடத்திவந்தார். பெரிய பேப்பர்கள் தொடாத விஷயங்களைத் தேடிப்பிடித்துப் போடுகிற மலையாளப் பத்திரிகை. முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மாஷ். தமிழ்த் தொழிலாளிகளிடம் பேச ஆள் வேண்டும் என்று ஒருநாள் கீழே வந்து கேட்டார். நிறையப் பேசுகிறவள் என்று எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். மேலே ஏறியவள் பிறகு இறங்கவே இல்லை.

கீழே சுக்கு, மேலே காகிதம். எங்கள் பத்திரிகைக் கட்டைப் பிரித்தாலே சுக்கு மணக்கும். "உங்க பத்திரிகையைப் பிரிச்சா தும்மல், படிச்சா இருமல்," என்று கிடங்கில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர் ஒருவர் சொல்வார். சந்தா கேட்டுப் போகிற இடமெல்லாம் அதைத்தான் நான் விளம்பரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாசித்துக் காட்டும் வழக்கம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த புதிதில், வைப்பின் தீவிலிருந்து ஒரு மீன்காரச் சேச்சி கூடையோடு மாடியேறி வந்தார். கையில் எங்கள் பத்திரிகை. யாரோ அவருக்கு அதைப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். பிழைப்பு போச்சு என்று அவர் சொன்னதை மாஷ் 'உபஜீவனமார்க்கம் நஷ்டமாயி' என்று எழுதியிருந்தார்.

"இந்த வார்த்தையை நான் சொன்னேனா, மாஷே? என் வாய்க்குள்ள இது நுழையுமா? என் வீட்டுக்காரனே கேக்கறான், நீ யாருகிட்டடீ இதெல்லாம் படிச்சேன்னு."

மாஷ் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அன்றிலிருந்து சட்டம் போட்டார். ஒருவர் வாயால் சொன்னது எதுவாக இருந்தாலும், அச்சுக்குப் போகுமுன் அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும். அவர் தலையாட்டினால் அச்சேறும். ஆட்டாத வரியை அடித்துவிட வேண்டும். வாசிக்கிற வேலை என்னுடையது. அதனால்தான் டீச்சர்.

உலகத்தில் எந்தப் பத்திரிகைக்காரனும் இப்படிச் செய்யமாட்டான் என்று வக்கீல் சொன்னார். இருக்கலாம். ஆனால் ஒரு தலை ஆடுவதைப் பார்க்கிற சந்தோஷம் அவருக்குத் தெரியாது. தன் பேச்சைத் தானே கேட்கிறபோது மனிதர்களுக்கு ஒரு வெட்கம் வரும். "இப்படியா சொன்னேன்? சரியாத்தான் சொல்லியிருக்கேன்" என்பார்கள். அதற்காகவே நான் எந்த வெயிலிலும் நடப்பேன்.

சுள்ளிக்கல்லில் இருந்தவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கொச்சிக்கு வெளியே ஒரு இறால் கம்பெனியில் புருஷன் ஐஸ் அறையில் வேலை. அவள் பக்கத்து ஷெட்டில் இறால் உரிப்பவள். ஒரு மத்தியானம் ஐஸ் அறையில் அமோனியா வாயு கசிந்தது. உள்ளே இருந்தவர்கள் முன்வாசல் வழியாக ஓடினார்கள். அவள் புருஷன் பின்பக்கம் நின்றிருந்தான், அதனால் பின்வாசலுக்கு ஓடினான். பின்வாசல் வெளியே பூட்டியிருந்தது. இறால் திருட்டுப் போகிறதென்று பூட்டிவைப்பது வழக்கம். இவள் ஷெட்டிலிருந்து சுற்றி ஓடிவந்து வெளியிலிருந்து அந்தப் பூட்டைப் பிடித்து இழுத்திருக்கிறாள். உள்ளேயிருந்து அவன் தட்டியிருக்கிறான். தட்டுவது நின்ற பிறகும் இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வலது உள்ளங்கையில் அந்தத் தழும்பு குறுக்கே ஓடும். கம்பெனி சொன்ன கதை வேறு. பின்வாசல் திறந்தே கிடந்ததாம், குடித்துவிட்டு உள்ளே படுத்துக்கிடந்தானாம்.

மாஷ் மாதக்கணக்கில் அலைந்து அதை எழுதினார். அவள் பெயரைப் போடவில்லை. நான் அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு வாசிக்கப் போனேன்.

ஒரு மேற்கூரையின் கீழ் வரிசையாக அறைகள், எல்லா அறையிலும் தமிழ் ஆட்கள். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மலையாளத்தைத் தமிழாக்கிக்கொண்டே வாசித்தேன். பக்கத்து வாசலில் வெங்காயம் நறுக்கியவள் கத்தியை நிறுத்தினாள். கடைசி அறையிலிருந்து ஒருத்தி, "சத்தமா வாசிங்க, இங்க கேக்கல," என்றாள். என் தொண்டைக்கு அந்த மாதிரி உற்சாகம் போதும்.

'பின்வாசலில் பூட்டுத் தொங்கியது' என்ற இடம் வந்தபோது இவள் கையை நீட்டி மறித்தாள்.

"தொங்கலக்கா. நாதாங்கியோட இறுகிப்போய் நின்னுச்சு. தொங்குத பூட்டுன்னா ஆட்டியாவது பாத்திருப்பேன்."

அடித்துத் திருத்தினேன். திரும்ப வாசித்தேன். தலையாட்டினாள். அந்த ஒரு வரிக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஆட்டினாள்.

பைக்கில் சாய்ந்து நின்று ஒரு ஆளும் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனிக்கு வேலையாள் பிடித்துக்கொடுக்கிற மேஸ்திரி என்று எனக்கு அப்போது தெரியாது. முடிந்ததும் கிட்டே வந்து, "நல்லா வாசிச்சீங்கம்மா, ரேடியோ மாதிரி," என்றார். பாராட்டினால் எனக்குப் பிடிக்கும். பல்லைக் காட்டினேன்.

அந்த வாரமே நோட்டீஸ் வந்தது. பின்னாலேயே கோர்ட்டில் தடை உத்தரவு கேட்டார்கள். உத்தரவு கைக்கு வருமுன் இதழ் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. உத்தரவு வந்த பிறகு நானும் மாஷும் பஸ் பஸ்ஸாக ஏறி ஒவ்வொரு கடையாகப் போய்ப் பத்திரிகையைத் திரும்ப எடுத்தோம். தோப்பும்படியில் ஒரு கடைக்காரர், "எல்லாரும் போடறதுக்கு அலைவாங்க, நீங்க புடுங்கறதுக்கு அலையறீங்களே," என்றார். கட்டுகளைக் கொண்டுவந்து ஆபீஸ் சுவரோரம் அடுக்கினோம். ஜன்னல் மறைந்து பகலிலும் லைட் போட வேண்டியதாயிற்று.

நஷ்டஈடு கேட்டு ஒரு வழக்கு இங்கே. எங்களை ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லி ஒரு அவதூறு வழக்கு வடக்கே, கேள்விப்படாத ஒரு ஊரில். அங்கே கம்பெனிக்கு ஒரு கிளை ஆபீஸாம். அங்கே வேலைபார்க்கும் ஒருவர் எங்கள் கட்டுரையை இணையத்தில் படித்து மனம் புண்பட்டாராம்.

"மலையாளம் தெரியாத ஆளு எப்படிப் படிச்சு எப்படிப் புண்பட்டாரு?" என்று கேட்டேன்.

"அதைக் கேக்கத்தான் நாம ரயில் ஏறணும், சேச்சி," என்றார் வக்கீல்.

அந்தப் பிராதில் என் பெயரும் இருந்தது. பொது இடத்தில் வாய்மொழியாக அவதூறு பரப்பியவளாம். இதுவரை யாரும் என்னை இவ்வளவு பெரிய ஆளாக மதித்ததில்லை என்று ஒவ்வொரு பயணத்திலும் மாஷிடம் சொன்னேன். முதல் தடவை மட்டும் அவர் சிரித்தார்.

நாள்கணக்கில் ரயில். போய் இறங்கினால் ஊர் முழுக்கப் புழுதி, கடைப் பலகை ஒன்றையும் என்னால் படிக்கமுடியவில்லை. எழுத்துத் தெரியாதவர்களுக்கு நாள் முழுவதும் இப்படித்தான் இருக்கும்போலிருக்கிறது என்று அங்கேதான் உறைத்தது. கோர்ட் வராந்தாவில் நின்றோம். எங்கள் பெயர்களைக் கூப்பிட்ட சேவகர் எங்கள் ஊர்ப் பெயர்களை என்ன பாடுபடுத்தினாரோ, கூப்பிட்டது எங்களைத்தான் என்று தெரியவே நேரமாயிற்று. உள்ளே போனால் நீதிபதி லீவு. வாய்தா. திரும்ப ரயில். அடுத்த முறை அவர்களுடைய வக்கீல் வரவில்லை. வாய்தா. அதற்கடுத்த முறை நாங்கள் வந்து நிற்கிறோமா என்று பார்த்தார்கள். நின்றோம். வாய்தா. போகாவிட்டால் வாரண்ட்.

"கேஸ் நடக்கறதுக்கு அவங்க கேஸ் போடல," என்று வக்கீல் சொன்னார். "நீங்க நடக்கறதுக்குப் போட்டாங்க." எங்களிடம் அவர் பீஸ் வாங்குவதில்லை. அதற்குப் பதிலாகத் திட்டித் தீர்த்துக்கொள்வார்.

மூன்றாவது பயணத்தில் மாஷால் மேல் படுக்கைக்கு ஏற முடியவில்லை. ஒரு காலை வைத்துவிட்டு அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே இருந்த ஒரு பட்டாளக்காரர் இடம் மாற்றிக்கொடுத்தார். இரவு முழுவதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்த மாஷ், "டீச்சரே, அடுத்த மாச இதழ்ல என்ன போடறது?" என்று ஒருதரம் கேட்டார். அடுத்த மாசம் இதழ் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். அச்சாபீஸ்காரர் ஏற்கெனவே கையை விரித்துவிட்டார். "நான் கல்யாணக் கார்டு அடிச்சுப் பிழைச்சுக்கறேன், மாஷே. பொண்ணும் மாப்பிள்ளையும் கேஸ் கொடுக்கறதில்ல." வேறு அச்சாபீஸ்களில் மெஷின் ரிப்பேர். எங்களைக் கண்டதும் எல்லா மெஷினுக்கும் ரிப்பேர்.

மாஷ் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார். வெளிநாட்டில் இருக்கிற மகள் போனில் கத்துவது எனக்குக்கூடக் கேட்கும். "மதி, அச்சா, மதி!" போதும் அப்பா, போதும் என்று. அவர் போனைக் காதில் வைத்தபடியே அடுக்கிய கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். இரவில் தூங்குவதில்லை என்று அவர் வீட்டம்மா என்னிடம் சொன்னார். "என்னைக்காவது ரயில்லேருந்து ஒரு போன் வரும்னு பயந்து பயந்து கெடக்கேன், நீங்க கூடவே இருங்க, கேட்டீங்களா."

அந்த நேரத்தில்தான் கம்பெனி வக்கீல் ஒரு காகிதம் அனுப்பினார். அவர்களே பிடித்துத்தரும் அச்சாபீஸில் ஒரு இதழ் அடித்து, அட்டையில் மன்னிப்புப் போட்டால் எல்லா வழக்கையும் எடுத்துவிடுவார்களாம். வாசகம் அவர்களே எழுதியது. 'பின்வாசல் பூட்டப்பட்டிருந்தது என்று நாங்கள் எழுதியது பொய். கதவு திறந்தே இருந்தது. பொய் சொல்லியவர்களின் பேச்சை நம்பி எழுதிவிட்டோம்.' அதன்பின் வருத்தம், மன்னிப்பு, வணக்கம்.

வக்கீல் அன்றைக்குத் திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது. "கையெழுத்துப் போட்டுட்டு ஜீவிக்கப் பாருங்க," என்றார். "நான் சொல்லக்கூடாது, ஆனா சொல்றேன்."

"அந்தப் பெண்ணோட நஷ்டஈட்டு மனு?" என்று மாஷ் கேட்டார். அவள் புருஷன் சாவுக்கு ஈடு கேட்டுத் தொழிலாளர் ஆபீஸில் மனுக் கொடுத்திருந்தாள். அவளிடம் இருந்தது அந்தப் பூட்டும் தன் கையும்தான். கூட வேலைபார்த்தவர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

"இது அச்சான மறுநாள் அதை அங்க கொண்டுபோய் வைப்பாங்க. பத்திரிகையே ஒத்துக்கிச்சு, கதவு திறந்திருந்ததுன்னு. அதோட அந்தப் பொண்ணோட மனு போச்சு." வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அச்சாகலேன்னா நீங்க போச்சு. நடுவுல ஒரு வழி இருந்தா நான் சொல்லமாட்டேனா?"

மாஷ் வெகுநேரம் அந்தக் காகிதத்தின் ஓரத்தை மடித்து மடித்து நிமிர்த்தினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"டீச்சரே, வாசிச்சுக் காட்டிட்டு வாங்க."

"மன்னிப்பையுமா?" என்று வக்கீல் எழுந்தே விட்டார். "மாஷே, உங்களுக்குப் பைத்தியமா?"

"அந்தப் பொண்ணு சொன்னதைப் பத்தின விஷயம். நம்ம அட்டையில வரப்போவுது. அப்ப வாசிக்கணும்ல?" அவர் குரலில் பிடிவாதம் இல்லை. எங்காவது யாராவது தன்னைத் தடுத்துவிடமாட்டார்களா, அல்லது போ என்று தள்ளிவிடமாட்டார்களா என்று கேட்கிற குரல்.

சுள்ளிக்கல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். இந்தத் தடவை கதவைச் சாத்திக்கொண்டோம். அவள் இப்போது ஒரு ஹோட்டலில் பாத்திரம் துலக்குகிறாள். மகள் ஊரில் பாட்டியிடம் வளர்கிறாள். என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகச் சாயா போட்டாள்.

"இந்த ஊருக்கு வந்து டீயச் சாயான்னு சொல்லப் பழகிட்டேன். ஊருல போயிச் சாயா வேணுமான்னு கேட்டா எங்கம்மா சிரிக்கா," என்றாள். "புதுப் பத்திரிகை வந்துட்டாக்கா? வாசிங்க, வாசிங்க."

வாசித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வேகமாக வாசித்தேன். பிள்ளைக்கு ஊசி போடுகிறவள்போல, சீக்கிரம் முடிந்தால் சரி என்று. முடித்து நிமிர்ந்தபோது அவள் டம்ளரைக் கையில் வைத்தபடியே இருந்தாள்.

"மறுக்க வாசிங்க."

மெதுவாக வாசித்தேன்.

"கதவு தொறந்து இருந்துச்சுன்னு போடுதீக."

"நாங்க போடலம்மா. அவங்க எழுதிக் கொடுத்தது. போடலேன்னா..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ரயில், வாய்தா, மேல் படுக்கை, மெஷின் ரிப்பேர், மாஷின் பொத்தான், அவர் வீட்டம்மா. அவளுடைய மனுவுக்கு இதனால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். அதை மறைக்க நினைத்தேன், ஆனால் அந்த வீட்டில் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு மறைக்க முடியவில்லை.

அவள் உள்ளங்கையை விரித்துத் தொடைமேல் வைத்தாள்.

"அப்ப நான் எதப் பிடிச்சு இழுத்தேன்?"

நான் காகிதத்தை மடித்து மடியில் வைத்தேன்.

"சொல்லுங்கக்கா. தொறந்த கதவையா அவுக உள்ள இருந்து தட்டுனாக? எதப் பிடிச்சு இழுத்தேன் நானு?"

பக்கத்து அறையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. எழுந்துபோய் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள். என்னைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"போடுதது உங்க இஷ்டம். நீங்களும் பொழைக்கணும், அந்தப் பெரியவருக்கும் வயசாச்சு. நான் கோவிக்க மாட்டேன். கோர்ட்டுக்கும் வந்து கத்த மாட்டேன். ஆனா தல மட்டும் ஆட்ட மாட்டேன்க்கா. என்னால முடியாது."

சுள்ளிக்கல்லிலிருந்து மட்டாஞ்சேரிக்கு பஸ் இருக்கிறது. ஏறவில்லை. நடந்தேன். எனக்குப் பேச்சுத் துணை இல்லாமல் நடக்க வராது. அன்றைக்கு என்னோடு நானே பேசிக்கொண்டு நடந்தேன். தலையாட்டிவிட்டாள் என்று சொன்னால் போதும். கோபித்துக்கொள்ளமாட்டேன் என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். மாஷ் போய் விசாரிக்கப்போவதில்லை. அவர் வீட்டம்மா தூங்குவார். நான் ரயில் ஏறவேண்டாம். 'ஆட்டிட்டா, மாஷே.' இரண்டே வார்த்தை. சாயாக்கடை ஒன்றில் நின்று அதைச் சொல்லிப் பார்த்தேன். கடைக்காரர், "எந்தா சேச்சி?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். மறுபடி நடந்தேன். கிடங்குத் தெரு வந்துவிட்டது. சுக்கு வாசம் மூக்கில் ஏறிற்று. படி ஏறும்போதும் அந்த இரண்டு வார்த்தை வாயிலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் மாஷ் ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். கட்டுகளுக்கு நடுவில், லைட் போட்டுக்கொண்டு. முகத்தைப் பார்த்தேன். ஆட்டிவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேனா என்ற ஆசை அதில் இருந்தது.

"ஆட்டினாளா?"

"ஆட்டல, மாஷே."

எப்படி வந்தது என்று தெரியவில்லை. படியில் சொல்லிக்கொண்டு வந்தது வேறு, வாயிலிருந்து விழுந்தது வேறு.

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட இல்ல."

"திரும்ப வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

"மெதுவா?"

"மெதுவாத்தான், மாஷே."

அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் அருகில் போகவில்லை. ஒரு ஆண் அழும்போது அருகில் போகலாமா என்று எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. வாசலில் நின்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் பேனாவை எடுத்தார். பூட்டைப் பற்றிய வரி, கதவைப் பற்றிய வரி, பொய் சொல்லியவர்கள் என்ற வரி, மூன்றையும் அடித்தார். மிச்சமிருந்தது வருத்தமும் மன்னிப்பும் வணக்கமும்தான்.

"இதை அனுப்புவோம். இதுக்கு யாரும் தலையாட்ட வேண்டாம், நம்ம மன்னிப்புதானே."

மறுநாளே பதில் வந்தது. "கதவு திறந்திருந்ததுன்னு சொல்லாத மன்னிப்பு எங்களுக்கு எதுக்கு?" என்று அவர்கள் கேட்டதாக வக்கீல் சொன்னார். சொல்லிவிட்டு, "கதாபிரசங்கக்காரங்க," என்று முணுமுணுத்தார். அடுத்த வாய்தாவுக்கு ரயில் டிக்கெட் போட்டாயிற்றா என்று கேட்டார்.

மாடி அறையைத் திருப்பிக் கொடுத்தோம். கட்டுகளைக் கீழே கிடங்கில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ள முதலாளி சம்மதித்தார். கோர்ட் உத்தரவு இருப்பதால் விற்கவும் முடியாது, எடைக்குப் போடவும் கூடாது. தும்மல் சொன்ன அதே சுமட்டுக்காரர்தான் தலையில் வைத்து இறக்கினார். ஒரு கேலியை எதிர்பார்த்து நின்றேன்; அவர் அடுத்த கட்டை எடுக்க மேலே ஏறினார். நான் பழைய இடத்துக்கே வந்துவிட்டேன், சுக்குப் பொறுக்க. வாய்தாவுக்கு மட்டும் லீவு போட்டுக்கொண்டு மாஷோடு ரயில் ஏறுகிறேன். அவர் இப்போதெல்லாம் அடுத்த இதழைப் பற்றிக் கேட்பதில்லை. வக்கீலிடம் முடிவு எப்போது என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அவர் திட்டுவதற்குப் பதிலாகக் கண்ணாடியைத் துடைக்கிறார்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். முந்தானைக்குள் பிளாஸ்டிக் கவரில் ஒரு காகிதக் கட்டு. அவளுடைய மனுவுக்குக் கம்பெனி கொடுத்த எதிர்வாக்குமூலம், மலையாளத்தில். வக்கீலிடம் போகுமுன் என்னிடம் கொண்டுவந்திருக்கிறாள்.

"நீங்க வாசிச்சாத்தான் எனக்குப் புரியும்," என்றாள்.

மழைச் சத்தத்துக்கு மேலே வாசித்தேன். தலைப்பு, எண், இன்னார் இன்னாருக்கு எதிராக. அவள் புருஷன் குடித்திருந்தான் என்ற இடத்தில் அவள் நிமிர்ந்தாள். 'பின்வாசல் திறந்தே இருந்தது' என்ற இடம் வந்ததும் பழையபடி கையை நீட்டி மறித்தாள். அதே கை, அதே தழும்பு.

"தலையாட்டலக்கா நான். அத அடிங்க."

பையில் பேனா இருந்தது. கை தானாக அதை எடுக்கப் போய்விட்டது. பழக்கம்.

"இது நம்ம காகிதம் இல்லம்மா. அவங்களோடது. நாம அடிக்கக்கூடாது."

"நான் இல்லன்னு சொல்லுதேன்ல?"

"சொன்னாலும் அடிக்க முடியாது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். கேலி இல்லை, கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள்போலக் கேட்டாள்.

"பின்ன எதுக்குக்கா எனக்கு வாசிச்சுக் காட்டுதீக?"

எவ்வளவோ பேச்சுப் பேசுகிறவள் நான். காகிதத்தில் விட்ட இடத்தை விரலால் தேடினேன். அவள் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அடுத்த வரியை வாசிக்க ஆரம்பித்தேன்.